கரையோரக் கெண்டை வருகிறது, ஆனால் கழன்றுவிடுகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் ஏரித் தூண்டில் போட்டிகளுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் யோசனை வேண்டும்.

போன ஞாயிறு ஐந்து மணி நேரப் போட்டி. குலுக்கலில் கிடைத்த இடத்தில் வலப்பக்கம் நாணல், காற்று நேராக முகத்தில். முதல் இரண்டு மணி நேரம் ஃபீடரில் (நூலில் கட்டி வீசும் சின்ன இரைக்கூடை) பெல்லெட் (உருண்டைத் தீவனம்) வைத்து 30 மீட்டருக்கு வீசினேன்; சின்ன பிரீம் மீன் இரண்டுதான். அப்புறம் 13 மீட்டர் நீள ‘போல்’ (pole) என்ற, சுருள் இல்லாத கழியில் புழு வைத்தேன். ரோச் என்ற சின்ன மீன்கள் ஓயாமல் வந்தன, எடை மட்டும் ஏறவில்லை.

கடைசி ஒன்றரை மணி நேரம் நாணலை ஒட்டி, இரண்டடி ஆழத்தில் இரையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். கெண்டைகள் வந்துவிட்டன, வால் நுனிகூடத் தெரிந்தது. தக்கை அமுங்க அமுங்க இழுத்தேன். பாதிக்கு மேல் கழன்றுவிட்டன. ஒருமுறை முள்ளில் செதில் ஒட்டி வந்தது. வாயில் படாமல் உடம்பில் குத்தியிருக்கிறது. மீனுக்கு இது வலி, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இரையைக் குறைத்தால் மீன் நிதானமாகத் தின்னுமா, இல்லை ஒரே குவியலாகப் போட்டுத் தலையைக் கீழே வைக்கச் செய்ய வேண்டுமா? நூலைத் தரையில் இரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடத்தலாமா? எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் அங்கே விதி, அதை மாற்ற முடியாது.

இரண்டு வாரத்தில் அதே ஏரியில் அடுத்த போட்டி. அதற்குள் சொன்னால் பெரிய உதவி.