புதுப்பிப்பு: கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்த சிக்கல் தீர்ந்தது

என் 1974ஆம் ஆண்டுக் காரில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிவதையும், சூடான எஞ்சின் மீண்டும் கிளம்ப மறுப்பதையும், கரும்புகை வருவதையும் சென்ற மாதம் எழுதி உதவி கேட்டிருந்தேன். பெட்ரோல் நுழையும் வழியை மூடும் ஊசியான நீடில் வால்வை மாற்றினால் போதும் என்றே பலர் கூறியிருந்தீர்கள். மாற்றியும் இரண்டே நாளில் மீண்டும் வழிந்தது.

பிறகு, பெட்ரோல் மட்டத்தோடு மிதந்து உயர்ந்து அந்த ஊசியை மூடும் பித்தளை மிதவையான ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கியபோது, உள்ளே பெட்ரோல் அலம்பும் ஓசை கேட்டது. வெந்நீரில் அமிழ்த்தியதும் பற்றுவைத்த விளிம்பிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பெட்ரோல் புகுந்து கனத்த ஃப்ளோட் மிதக்காமல் தாழ்ந்தே கிடந்ததால், புதிய ஊசியையும் அதனால் அழுத்தி மூட முடியவில்லை. ஈயப் பற்று வைத்து அடைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். ஆனால் உள்ளே ஆவி மிஞ்சியிருந்தால் சூட்டில் தீப்பிடிக்கும் என்பதாலும், பற்றின் எடை கூடினால் பெட்ரோல் மட்டமும் உயர்ந்துவிடும் என்பதாலும் புதிய ஃப்ளோட்டையே வாங்கிப் பொருத்தினேன். ஊசியை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு பெட்ரோல் நுழையும் குழாய் வழியே ஊதிப் பார்த்தேன். காற்று சிறிதும் செல்லவில்லை, அதாவது ஊசி சரியாக மூடுகிறது.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். வழிந்த பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தது, அளவும் கூடியிருந்தது. நீர்த்துப்போன அந்த ஆயிலோடு அப்படியே ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்துவிடும் என்பதால், இதே கோளாறு உள்ளவர்கள் தயவுசெய்து முதலில் ஆயிலைப் பாருங்கள். நான் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்துப் போட்டு 400 கி.மீ. ஓட்டிவிட்டேன்; பிளக்குகள் இப்போது, பெட்ரோல் சரியாக எரிவதைக் காட்டும் இளம்பழுப்பாக இருக்கின்றன, சூடான எஞ்சினும் முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது.