பி.சி. சுகாதார ஆய்வாளர்கள் பணிநீக்கம்: குறைகேள் அதிகாரி விசாரித்தும் ஏன் பகிரங்க விசாரணை கேட்டார்கள்?

யாழினி எழுதியது:

வணக்கம். பொதுக் கொள்கை வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா (பி.சி.) மாகாணச் சுகாதார அமைச்சு மருந்து ஆய்வாளர்களை வேலையால் நிறுத்திய விவகாரம்தான் தலைப்பு. எட்டுப் பேர் வேலையையோ ஒப்பந்தத்தையோ இழந்தார்கள். அவர்களில் ஒருவரான ரோடரிக் மெக்ஐசாக், விக்டோரியா பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர், சில மாதங்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். 2014இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2017 ஏப்ரலில், அரசு நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி ஜே சோக் 41 பரிந்துரைகளோடு பெரிய அறிக்கை வெளியிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

எனக்கு விளங்காத இடம் இதுதான். 2015 கோடையில் அரசு இந்த விடயத்தைக் குறைகேள் அதிகாரியிடம் கொடுக்கப் போனபோது, பாதிக்கப்பட்டவர்களே "அது போதாது, பகிரங்க விசாரணைதான் வேண்டும்" என்றார்கள். ஏன்? சுயாதீனமான அதிகாரி, சத்தியம் வாங்கிச் சாட்சி கேட்கும் அதிகாரம் உள்ளவர். அதைவிட என்ன வேண்டும்? எதிர்க்கட்சியாக இருந்தபோது பகிரங்க விசாரணை கேட்ட என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி), 2017 யூலையில் ஆட்சிக்கு வந்த பிறகு அப்படி ஒன்றை வைக்கவும் இல்லை. அப்படியென்றால் அந்தக் கோரிக்கையே வெறும் அரசியல்தானா?

பழைய கோப்பு எழுதியது:

பிள்ளை, நான் விக்டோரியாவில மாகாண அரசாங்கத்தில வேறொரு அமைச்சில ஆவணப் பிரிவில இருந்து ஓய்வு பெற்றவன். சுகாதார அமைச்சுக்குள்ள நடந்தது எனக்கு நேர தெரியாது. ஆனா கோப்பு எண்டா என்ன, கோப்பு இல்லாமப் போறது எண்டா என்ன எண்டு தெரியும். அந்தப் பக்கத்தில இருந்து சொல்லுறன்.

முதல்ல 2012 செப்டம்பர் 6ஐப் பாருங்கோ. மார்கரட் மெக்டயர்மிட் சுகாதார அமைச்சராகி அடுத்த நாள். பத்திரிகையாளரைக் கூப்பிட்டு, நாலு பேரை நிறுத்திப்போட்டம், மூண்டு பேரைச் சம்பளமில்லாமல் இடைநிறுத்திப்போட்டம், ஆர்சிஎம்பி எண்ட கனடா மத்திய பொலிசை விசாரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறம் எண்டு அறிவிச்சவ. நோயாளர் தரவு முறைகேடு எண்ட கதையோட பொலிசின்ர பெயரையும் ஒரே மூச்சில சொன்னா, கேக்கிற சனம் என்ன நினைக்கும்? விக்டோரியா சின்ன இடம். அரசாங்க வேலைக்காரர் ஆளையாள் தெரிஞ்சவை. பெயரைச் சொல்லாட்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பெயர் வந்திடும்.

மெக்ஐசாக் அங்க படிப்போட சேர்ந்த தற்காலிக வேலையில இருந்தவர். அந்த வேலை முடிய மூண்டு நாள்தான் கிடந்தது. மூண்டு நாள் பொறுத்திருந்தா அவர் தன்ர பாட்டில போயிருப்பார். அவர் பாத்துக்கொண்டிருந்தது மாகாணத்தின்ர புகைத்தல் நிறுத்தும் திட்டம். அதில சாம்பிக்ஸ் மாத்திரை எல்லாம் அரசு செலவில குடுத்தவை. அது பலன் தருதா, பக்கவிளைவு என்ன எண்டு அளக்கிற வேலை.

பிறகு பொலிஸ் கதை என்னாச்சு? 2015 யூலையில பத்திரிகைக்காரர் ஆர்சிஎம்பியின்ர ஆவணங்களை எடுத்துப் போட்டினம். பொலிஸ் உருப்படியா விசாரிக்கவே இல்லை. அரசாங்கம் ஆதாரம் எண்டு சொல்லக்கூடிய எதையும் கையில குடுக்கேல்லை, கோப்பை மூடிப்போட்டினம். மூண்டு வருசமா "பொலிஸ் பாக்குது" எண்ட நிழலில அந்தச் சனம் இருந்திருக்கு. கோரிக்கை சூடு பிடிச்சது அதோடதான்.

அதுக்கு முதலே ஒரு மீளாய்வு நடந்தது. 2014 கடைசியில மார்சியா மெக்நீல் எண்ட சட்டத்தரணி செய்தவ. அவவுக்குக் குடுத்த வட்டம் சின்னன், ஆக்களை வற்புறுத்திக் கூப்பிட அதிகாரமும் இல்லை. அவவின்ர அறிக்கையில என்னை நித்திரை கொள்ள விடாத இடம் ஒண்டு இருக்கு: இந்த ஆக்களை நிறுத்திற முடிவை ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது எண்டு காட்டிற பதிவு கிடைக்கேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. நாங்கள் ஒரு மேசை நாற்காலியை வேற மாடிக்கு மாத்திறதுக்கே ஆர் கேட்டது, ஆர் ஒப்புதல் குடுத்தது, எந்தத் திகதி எண்டு ஒரு படிவம் வைச்சிருப்பம். எட்டுப் பேரின்ர பிழைப்பை எடுக்கேக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

பேச்சிலயே முடிச்சிட்டினமா, இல்லை எழுதி அழிச்சிட்டினமா? 2015 ஒக்ரோபரில தகவல் ஆணையாளர் எலிசபெத் டென்ஹம் வேறொரு விவகாரத்தில அறிக்கை வெளியிட்டவ. அதுக்குப் பிறகுதான் "மும்முறை அழிப்பு" எண்ட சொல்லு ஊரெல்லாம் தெரிய வந்தது. மின்னஞ்சலை முதல்ல அழிக்கிறது, பிறகு அழிச்ச பெட்டிக்குள்ள போய் அழிக்கிறது, கடைசியா மீட்டெடுக்கிற இடத்துக்குள்ளயும் போய்த் துடைக்கிறது. அது அமைச்சர் அலுவலகங்களைப் பற்றின விசாரணை, இந்த ஆய்வாளர் விசயத்தோட நேரடித் தொடர்பில்லை. எண்டாலும் அந்த வருசம் பி.சி.யில இருந்த ஒருத்தருக்கு "பதிவு இல்லை" எண்டு அரசாங்கம் சொன்னா எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு விளங்கும்தானே.

ஆக உங்கட கேள்விக்கு வாறன். குறைகேள் அதிகாரி கெட்டிக்காரர்தான். ஆனா அவரின்ர சட்டப்படி விசாரணை மூடின கதவுக்குள்ள. சாட்சி சொல்லுறது அவருக்கு. மற்றவை கேக்கேலாது, குறுக்கு விசாரணை இல்லை. குற்றம் சாட்டினது ஊரைக் கூட்டி, கழுவி விடுறது மட்டும் அறைக்குள்ளயா? பாதிக்கப்பட்டவை கேட்டது தங்களைக் கூப்பிட்டு அதட்டினவையும் ஒருநாள் அதே மாதிரி ஒரு கதிரையில இருந்து, பத்திரிகைக்காரர் பாக்க, பதில் சொல்ல வேணும் எண்டு. எனக்கு அதில ஒரு பிழையும் தெரியேல்லை.

செந்தில் வான்கூவர் எழுதியது:

ஐயா சொன்னதில் உணர்ச்சி நியாயமானது, ஆனால் யாழினி கட்டுரை எழுதப் போகிறார், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் சட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்.

பகிரங்க விசாரணை ஆணைக்குழுவை அமைப்பது அமைச்சரவை. எதை விசாரிக்கலாம் என்ற வரம்பை எழுதுவதும் அவர்களே. 2015இல் அப்போதைய முதல்வர் கிறிஸ்டி கிளார்க்கின் அரசுதான் அதை எழுதியிருக்கும். அது நல்லதா? சட்டமன்றக் குழு மூலம் குறைகேள் அதிகாரிக்கு அனுப்பப் பார்த்தபோது அவர் உடனே சரி என்று வாங்கிக்கொள்ளவில்லை. இரகசியக் காப்பு உறுதிமொழிகள் சாட்சிகளின் வாயைக் கட்டிவிடும், முதலில் சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்டு, அந்தக் கோடைக் கூட்டத்தொடரிலேயே திருத்தம் வாங்கினார். அந்தப் பிடிவாதத்தால்தான் 2017 அறிக்கை அவ்வளவு ஆழமாக வந்தது.

ஆணைக்குழு என்றால் ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு வக்கீல், ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆட்சேபம். பணமோசடி பற்றிய கல்லன் ஆணைக்குழு 2019இல் தொடங்கி 2022இல்தான் முடிந்தது. அதுவரை வேலை இழந்தவர் எதைச் சாப்பிடுவார்? சோக் அறிக்கை இழப்பீடும் வாங்கிக் கொடுத்தது. மெக்ஐசாக் நினைவாக விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 5 லட்சம் டாலர் உதவித்தொகை நிதி வைக்கச் சொன்னது. முறைகேட்டை அம்பலப்படுத்தும் அரசு ஊழியரைப் பாதுகாக்கச் சட்டம் கேட்டது, அது 2018இல் நிறைவேறி 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. என்டிபி ஏன் ஆணைக்குழு வைக்கவில்லை என்றால், கேட்ட பதில் பெரும்பாலும் கையில் வந்துவிட்டது என்பதால் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கட்சிகள் எதிர்க்கட்சி வரிசையில் கேட்பதை ஆளும் வரிசையில் மறப்பது புதிதல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கம்பனிகள் கொடுத்த அரசியல் நன்கொடைதான் காரணம் என்று அப்போது பலர் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள், ஆசிரியர் கட்டாயம் கேட்பார்.

பழைய கோப்பு எழுதியது:

செந்தில் தம்பி, வரம்பை அமைச்சரவைதான் எழுதும் எண்டது பெறுமதியான கதை, அதை ஒத்துக்கொள்ளுறன். வக்கீல் செலவும் உண்மை.

ஆனா வான்கூவர் விமான நிலையத்தை மறந்து போனீங்களே. 2007இல ரொபர்ட் ஜெகான்ஸ்கி எண்ட போலந்துக்காரர் பொலிசின்ர மின்னதிர்ச்சித் துப்பாக்கி பட்டு அங்க செத்தவர். பிரெய்ட்வுட் ஆணைக்குழு அதைத் திறந்த மண்டபத்தில விசாரிச்சது. பொலிஸ்காரர் சொன்னதும் ஒரு பயணி எடுத்த காணொளியில இருக்கிறதும் ஒத்துப் போகேல்லை எண்டு நாடே பாத்தது. அந்தச் சாட்சியத்துக்காக நாலு பேர் மேலயும் பொய்ச்சாட்சி வழக்கு வந்து, ரெண்டு பேருக்குத் தண்டனை கிடைச்சது. மூடின அறைக்குள்ள சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தா, அது எங்களுக்கு அறிக்கையில ஒரு பந்தியாத்தான் வந்திருக்கும்.

நன்கொடைக் கதையிலயும் அப்பிடித்தான். ஆதாரம் இல்லை எண்டு அறிக்கை சொல்லுது, நான் அதை நம்புறன், சோக்கின்ர நேர்மையில எனக்குச் சந்தேகமில்லை. ஆனா அவரை நம்பித்தான் ஏற்கிறன். என்ர கண்ணால கேள்வியையும் பதிலையும் பாத்து ஏற்கேல்லை. யூபிசி எண்ட பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின்ர தெரப்யூட்டிக்ஸ் இனிஷியேட்டிவ் 1994இல இருந்து புது மருந்துகளைச் சலிச்சுப் பாத்த அமைப்பு. அதே காலத்தில அதுக்கும் காசும் தரவும் நிண்டது. அல்சைமர் மருந்துகளின்ர ஆய்வும் குழம்பிச்சு. இதெல்லாம் ஒரே நேரத்தில நடந்தா சனம் கதைக்கத்தான் செய்யும். வாயை அடைக்கிறதெண்டா வெளியில வைச்சுத்தான் அடைக்க வேணும்.

யாழினி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். அந்த அறிக்கை ஏறக்குறைய 500 பக்கம். எங்கே தொடங்கலாம்? அடுத்த கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும்.

பழைய கோப்பு எழுதியது:

சுருக்கத்தையும் பரிந்துரைகளையும் முதல்ல பாருங்கோ. பிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டு விசாரிச்ச நேர்காணல்களைப் பற்றின பகுதிக்கு நேர போங்கோ. என்ன குற்றச்சாட்டு எண்டு ஒழுங்காச் சொல்லாமல், முடிவை முதலே மனதில வைச்சுக்கொண்டு ஆக்களைக் கேள்வி கேட்ட விதம் அதில இருக்கு. பொலிசைப் பற்றிச் செய்தி அறிக்கையில சொன்ன வரி எப்பிடி வந்தது எண்ட பகுதியையும் விடாதேங்கோ. திகதிகளை ஒரு தாளில வரிசையா எழுதி வைச்சுக்கொண்டு வாசியுங்கோ: 2012 மார்ச்சில கணக்காய்வாளர் நாயகத்துக்குப் போன முறைப்பாடு, செப்டம்பர் அறிவிப்பு, 2014 மன்னிப்பு, 2015 யூலை, 2017 ஏப்ரல். 2017 அறிக்கை வந்து ஒரு கிழமைக்குள்ள தேர்தல் பிரசாரம் தொடங்கினதையும் அந்தத் தாளில குறிச்சு வையுங்கோ. ஏன் அதைப் பற்றி அந்த நேரம் பெரிசா விவாதம் நடக்கேல்லை எண்ட கேள்விக்கு உங்களுக்கு அது உதவும்.