ஐரிஷ் மொழி: குச்சியில் வெட்டு போட்டது யார்?

செம்பருத்தி:
"ஐரிஷ் மொழியை ஆங்கிலேயன் கொல்லவில்லை, பெற்றோரே கொன்றார்கள்" என்று நேற்று கடலோடி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட அயர்லாந்தில் 1831-இல் வந்த தேசியப் பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பிள்ளையின் கழுத்தில் கயிறு கட்டி ஒரு குச்சி. ஐரிஷில் வாய் திறந்தால் குச்சியில் ஒரு வெட்டு. வெட்டை எண்ணி வாத்தியார் அடிப்பார். இதுவா தானாகக் கைவிட்டது?

கடலோடி:
அந்த வெட்டைப் போட்டது யார் அம்மணி? வீட்டில் அப்பனும் ஆத்தாளும். வாத்தியார் எண்ணினார், அவ்வளவுதான்.

செம்பருத்தி:
பள்ளியிலேயே வாத்தியார் வெட்டியதும் உண்டு. உருளைக்கிழங்குப் பஞ்சத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1845 தொடங்கி ஏழு வருடத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். பெரிய அடி ஐரிஷ் பேசிய மேற்குக்கரை ஏழைகளுக்கு. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் போகப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று அப்பன் நினைத்தது குற்றமா?

கடலோடி:
குற்றம் என்றேனா? வெட்டு போட்டது யார் என்றேன். பஞ்சம் வந்தது 1845-இல். குச்சி அதற்கு முன்பே, ஊரார் காசு கொடுத்து நடத்திய வேலியோரப் பள்ளிகளிலேயே தொங்கியது. அங்கே எந்த ஆங்கிலேயன் வந்து கட்டினான்?

மூன்றாம்படி:
அயர்லாந்தின் உரிமைக்குப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானலுக்கு ஐரிஷ் சரளமாக வரும். அவரே அது வழக்கொழிவதில் வருத்தமில்லை என்று சொன்னவர்தான்.

செம்பருத்தி:
வந்துவிட்டது ஜால்ரா. போன மாதம் வேல்ஸின் வெல்ஷ் மொழி பற்றிய சண்டையிலும் இதே ஜோடிதான். அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சி போட்ட 1366 கில்கென்னி சட்டம் ஐரிஷைத் தடுத்ததே, அதுவும் பெற்றோர் போட்டதா?

கடலோடி:
அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள். அது முக்கியமாக அங்கே குடியேறி ஐரிஷ் பேச ஆரம்பித்துவிட்ட ஆங்கிலேயருக்குப் போட்டது! சரி, குச்சிக்கு வருவோம்.

பனித்துளி:
ஒன்பது வருடமாக அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் இருக்கிறேன். செத்த மொழி மாதிரி பேசுகிறீர்களே! 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 73 ஆயிரம் பேர் ஐரிஷ் தெரியும் என்று எழுதினார்கள். அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு அலுவல் மொழியும் ஆனது. என் மகனே வீட்டில் "அன் வில் க்யாத் அகம் துல் கோ தீ அன் லெஹ்ரஸ்" என்கிறான். கழிப்பறைக்குப் போகலாமா என்று அர்த்தம்.

கடலோடி:
தொடக்கப் பள்ளியிலிருந்தே கட்டாயப் பாடம், மிஞ்சியது கழிப்பறை. அதே கணக்கெடுப்பில் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர். அதை ஏன் எழுதவில்லை? 1922-லிருந்து சொந்த ஆட்சி, 1937 அரசியல் சட்டத்தில் முதல் அலுவல் மொழி. இப்போது வெட்டு போடுவது யார்?

வெண்ணிலா:
கேலிக் என்று சொல்லுங்கள். அதுதான் சரியான பெயர்.

பனித்துளி:
இல்லை. இங்கே கேலிக் என்றால் ஸ்காட்லாந்து மொழி என்று நினைப்பார்கள். ஆங்கிலத்தில் ஐரிஷ், அவர்கள் மொழியில் கேல்கே.

வெண்ணிலா:
டப்ளினில் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

மூன்றாம்படி:
இந்தி எதிர்ப்பு நடந்தபோது நாமும்...

செம்பருத்தி:
தமிழை இங்கே இழுக்காதீர்கள், தயவுசெய்து. கடலோடி, பிள்ளையை அடித்தது யார்?

கடலோடி:
வெட்டு போட்டது யார்?