அணைத்த மேசைக் கணினி தானாகவே மீண்டும் இயங்குகிறது: உதவி தேவை

மின்மினி:
வணக்கம் நண்பர்களே. என் மேசைக் கணினியை முறைப்படி அணைத்துவிட்டுப் போனால், சிறிது நேரத்தில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. மறுபடி அணைத்தாலும் அதே கதைதான். இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எல்லா அமைப்புகளையும் பார்த்துவிட்டேன். தவறாக எதுவும் தெரியவில்லை. வைரஸ் சோதனையும் செய்தாகிவிட்டது. அவசரமான வேலை ஒன்று இருப்பதால் விரைவில் தீர்வு தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

வடதிசை:
வணக்கம். விரைவில் தீர்வு வேண்டுமென்றால் முதலில் சில விவரங்கள் தேவை. எந்த இயங்குதளம்? அணைத்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து இயங்குகிறது, ஒவ்வொரு முறையும் அதே இடைவெளிதானா? விசிறி மட்டும் சுழல்கிறதா, அல்லது கடவுச்சொல் கேட்கும் திரை வரை வந்துவிடுகிறதா? பயாஸில் எல்லாவற்றையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த அமைப்புகளைப் பார்த்தீர்கள், அவை என்ன நிலையில் இருந்தன? அண்மையில் ஏதேனும் மாற்றினீர்களா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

தறி:
விண்டோஸ் என்றால் இது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ செய்யும் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. நாம் ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருப்பகுதியை வட்டில் எழுதிவிட்டு, ஹைபர்னேட் நிலைக்கு நெருங்கிய ஒரு நிலைக்குப் போகிறது. கணினியின் கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களில் சில இந்த நிலைமாற்றத்தைச் சரியாகக் கையாளாததால்தான் அணைத்தவுடன் மீண்டும் எழுந்துகொள்ளும் சிக்கல் வருகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள்; அந்த ஒரு முறை முழுமையாக அணையும். அப்படியும் இயங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

பழைய பலகை:
ஒரு கணினி எப்படி அணைகிறது என்பதே தெரியாமல் அதைச் சரிசெய்ய முயல்வதுதான் இங்கு எழும் பெரும்பாலான கேள்விகளுக்குக் காரணம். இதைப் பற்றி நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆயினும் மீண்டும் சொல்கிறேன். 1995இல் மேசைக் கணினிப் பாகங்களுக்கான ஏடிஎக்ஸ் தரம் வந்ததிலிருந்து, சுவரில் மின்சாரம் இருக்கும் வரை மேசைக் கணினி முற்றாக அணைவதே இல்லை. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஊதா நிற வயரில் 5 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். பச்சை நிற வயரை மதர்போர்டு தரையிணைப்புக்கு இழுக்கும்போது கணினி இயங்கும், விட்டால் நிற்கும். எனவே கணினி தானாக இயங்குகிறது என்றால், மதர்போர்டு அந்தப் பச்சை வயரை இழுக்க ஏதோ ஒன்று காரணமாகிறது என்று பொருள். என் கணிப்பில் அது எஸ்எம்பிஎஸ்தான். அதில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர்கள் பழையதாகிவிட்டால் ஊதா வயரின் மின்னழுத்தம் நொடிப்பொழுது சரியும். மின்சாரம் போய் வந்ததாக மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். பயாஸில் ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பது ‘ஆல்வேஸ் ஆன்’ நிலையில் இருந்தால் உடனே இயங்கத் தொடங்கிவிடும். மல்டிமீட்டர் வைத்து ஊதா வயரை அளந்து பாருங்கள், 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மின்மினி:
விண்டோஸ் 10. இடைவெளி ஒரே மாதிரி இல்லை. சில நேரம் ஒரு நிமிடத்திலேயே, சில நேரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிறது. கடவுச்சொல் திரை வரை முழுமையாக வந்துவிடுகிறது. எதையும் மாற்றவில்லை. என்னிடம் மல்டிமீட்டர் இல்லை.

நீலக்கல்:
லேன் கேபிள் செருகியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவே இல்லை. இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைப் பார்த்தால் நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் ‘வேக் ஆன் லேன்’ வசதி மீதுதான் என் சந்தேகம். கணினி அணைந்திருக்கும்போதும் நெட்வொர்க் கார்டு அந்த 5 வோல்ட்டில் விழித்திருக்கும். முதலில் எஃப்எஃப் என்ற மதிப்புள்ள ஆறு பைட்கள், அதன்பின் அந்தக் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி பதினாறு முறை, ஆக மொத்தம் 102 பைட்கள் கொண்ட ஒரு தொடர் வந்து சேர்ந்தால், கார்டு மதர்போர்டை எழுப்பிவிடும். சில கார்டுகள் இந்தத் தொடருக்கு மட்டுமன்றி, தம்மை நோக்கி வரும் வேறு சில சாதாரணத் தகவல்களுக்கும் எழும்படி அமைக்கப்பட்டிருக்கும். சோதனை எளிது: கணினியை அணைத்தபின் லேன் கேபிளை உருவிவிட்டுக் காத்திருங்கள்.

கணியன்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கணினியை அணைத்தபின் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். மின்சாரமே இல்லாமல் எந்தக் கணினியும் எழுந்துகொள்ளாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பலகை:
இது தீர்வன்று, நோயை மறைக்கும் வழி. அதோடு, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பயாஸ் கடிகாரம் முழுக்க முழுக்க மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற சிறிய நாணய வடிவப் பேட்டரியை நம்பித்தான் ஓட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அந்தச் சுமையை ஊதா வயரின் 5 வோல்ட் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு இரவும் அதைத் துண்டிப்பவர்கள்தான் பிறகு தேதி மாறிவிட்டது, பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டன என்று உதவி கேட்டு வருகிறார்கள்.

கணியன்:
அந்தப் பேட்டரி எப்படியும் சில ஆண்டுகள் உழைக்கும், அதன் விலையும் மிகக் குறைவு. அணைத்து வைத்திருக்கும் கருவி இரவெல்லாம் மின்சாரம் இழுப்பதை ஏன் நியாயப்படுத்த வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே விதி வகுத்து, அணைந்த நிலையில் 2010இல் 1 வாட், 2013இல் 0.5 வாட் என்று வரம்பைக் குறைத்தது. ஒரு சுவிட்சைத் தட்டுவதில் எந்தத் தீங்கும் இல்லை.

பழைய பலகை:
அரை வாட்டை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு நாளும் எஸ்எம்பிஎஸ்ஸின் முதன்மைக் கெபாசிட்டரை வெறுமையிலிருந்து நிரப்புவது அதற்கு நன்மை செய்யும் என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார்.

கணியன்:
அந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்குவதற்காகத்தான் உள்ளே ஒரு தெர்மிஸ்டரை, அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகத்தை, வைக்கிறார்கள். இதற்கென வடிவமைக்கப்பட்ட ஒன்றை அதற்காகப் பயன்படுத்துவதில் என்ன பிழை?

வடதிசை:
இருவரும் இந்த விவாதத்தைத் தனி இழையில் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்; கேள்வி கேட்டவருக்கு இதில் பயனில்லை. ஆனால் கணியன் குறிப்பிட்ட விதியிலிருந்தே நமக்கு ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. அந்த விதிக்காகப் பயாஸில் ‘ஈஆர்பி’ என்ற அமைப்பு வந்தது. அதை இயக்கி வைத்தால், அணைந்த நிலையில் நெட்வொர்க் கார்டு, யூஎஸ்பி, விரிவாக்கக் கார்டுகள் ஆகியவற்றுக்குப் போகும் மின்சாரத்தைப் பெரும்பாலான மதர்போர்டுகள் நிறுத்திவிடும். முகப்பில் உள்ள பவர் பொத்தான் மட்டும் வேலை செய்யும்.

ஆகவே மின்மினி, மூன்றையும் ஒன்றாகச் செய்யுங்கள்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள், லேன் கேபிளை உருவுங்கள், ஈஆர்பியை இயக்குங்கள். மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பையும் ‘ஆல்வேஸ் ஆஃப்’ என்று மாற்றிவிடுங்கள். பழைய பலகை சொன்ன ஐயமும் அதில் அடிபட்டுவிடும். பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பேன். ஆனால் உங்கள் கணினி ஒரு மணி நேரம் கழித்தும் எழுகிறது என்பதால், ஒவ்வொன்றாகப் பார்த்தால் நாள்கள் ஓடிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் இயங்கினால், எஞ்சியிருக்கும் இடம் மிகவும் குறுகியது.

தறி:
இன்னொன்றையும் விலக்கிவிடலாம். அணையும்போது விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரையில் முறிந்தால், தானாக மறுதொடக்கம் செய்யும் அமைப்பு கணினியை மீண்டும் இயக்கிவிடும். ஆனால் அது அணைவதற்குள்ளாகவே நிகழும். ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடந்துவிட்டு எழுவதற்கு அது காரணமாக முடியாது.

மின்மினி:
சொன்ன அனைத்தையும் செய்தேன். அப்படியும் இயங்குகிறது.

வடதிசை:
அப்படியானால் இரண்டு கேள்விகள். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கணினி எப்போதாவது தானாகவே ஸ்லீப் நிலைக்குப் போயிருக்கிறதா, அல்லது நீங்கள் கேட்காமலே அணையத் தொடங்கியிருக்கிறதா? இந்தச் சிக்கல் தொடங்குவதற்குச் சற்று முன் கேபினெட்டை யாராவது திறந்தார்களா?

மின்மினி:
ஆம், தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே சில நேரம் திரை இருண்டு ஸ்லீப்புக்குப் போய்விடும். மின்சேமிப்பு அமைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். சென்ற மாதம் புதிய கேபினெட்டுக்கு மாற்றினேன். ஆனால் உள்ளே எல்லாம் பழையவைதான், எதையும் மாற்றவில்லை.

வடதிசை:
நாம் தேடிக்கொண்டிருந்த விவரம் இதுதான். பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது தானாகத் தூங்குவதும், அணைத்து வைத்திருக்கும்போது தானாக எழுவதும் இரண்டு வேறு கோளாறுகள் அல்ல. இரண்டுமே பவர் பொத்தானை யாரோ தொட்டுத் தொட்டு எடுப்பது போன்ற ஒரே செயலின் விளைவுகள்.

அந்தப் பொத்தானில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் புறப்பட்டு, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள முகப்பு இணைப்பு ஊசிகளில் இரண்டின் மீது ஒரு சிறிய கருப்பு கனெக்டராகச் செருகப்பட்டிருக்கும். பெரும்பாலும் அதன்மேல் ‘பவர் எஸ்டபிள்யூ’ என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு ஊசிகளும் ஒரு கணம் ஒன்றையொன்று தொட்டால் போதும், பொத்தான் அழுத்தப்பட்டதாக மதர்போர்டு கருதும். அணைந்திருந்தால் இயங்கும், இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸில் நீங்கள் வைத்திருக்கும் அமைப்பின்படி தூங்கும் அல்லது அணையும். பொத்தானே ஒட்டிக்கொண்டிருக்கலாம், வயரின் உறை எங்காவது கிழிந்திருக்கலாம்.

உறுதிசெய்ய இரண்டு வழிகள். ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, ‘சிஸ்டம்’ பதிவுகளில் ‘கெர்னல்-பவர்’ என்ற மூலத்தில் 42 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். கணினி ஏன் தூங்கப் போனது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பிறகு கணினியை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, அந்தச் சிறிய கனெக்டரை ஊசிகளிலிருந்து கழற்றி வையுங்கள். மீண்டும் இயக்க வேண்டியபோது அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். அங்கு இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம்தான். பக்கத்து ஊசிகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பலகை:
இதில் ஓர் அடிப்படை முரண் இருக்கிறது. பொத்தான் ஷார்ட் ஆகியிருந்தால், நான்கு விநாடி அழுத்திப் பிடித்ததற்குச் சமமாகி, இயங்கிய கணினி உடனே அணைந்துவிட வேண்டும். இவருடையதோ கடவுச்சொல் திரை வரை வருகிறது. எனவே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வருவது சரியன்று.

வடதிசை:
நிரந்தரமாக ஒட்டிக்கொண்டால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அவ்வப்போது தொட்டு விலகும் வயரில் அந்த நான்கு விநாடி நிறைவதில்லை. அதனால்தான் இடைவெளியும் ஒழுங்கற்று இருக்கிறது. மேலும், எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் சரிந்தால் கணினி சட்டென்று நின்றுபோகும். விண்டோஸை முறையாகத் தூங்கச் சொல்லாது. கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் செலவேதும் இல்லை. அப்படியும் எழுந்தால் உங்கள் வழியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போவோம்.

நீலக்கல்:
மின்மினி, என்ன ஆயிற்று? முடிவைத் தெரிவித்தால் இதே சிக்கலோடு வருபவர்களுக்கும் உதவும்.

மின்மினி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். 42ஆம் பதிவுகளில் காரணம் ‘பட்டன் ஆர் லிட்’, அதாவது பொத்தான் அல்லது மூடி, என்று இருந்தது. கனெக்டரைக் கழற்றியதிலிருந்து அணைத்தால் அணைந்தே கிடக்கிறது, இடையில் தூங்குவதும் இல்லை. கேபினெட்டின் முன்பக்கத் தகட்டு விளிம்புக்கு அடியில் அந்த வயர் நசுங்கியிருக்கிறது. உறை அறுந்து செம்புக் கம்பி வெளியே தெரிகிறது. அனைவருக்கும் நன்றி.

வடதிசை:
மகிழ்ச்சி. செம்பு தெரியும் அளவுக்கு அறுந்த வயரில் டேப் மட்டும் சுற்றிவிட்டு மீண்டும் அதே விளிம்பு வழியாகக் கொண்டுபோக வேண்டாம். வயரையோ பொத்தானையோ மாற்றிவிடுங்கள். அதுவரை, ரீசெட் பொத்தானின் கனெக்டரை எடுத்துப் பவர் ஊசிகளில் செருகிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வகைப் பொத்தான்கள்தான், எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். அதற்கு முன் ரீசெட் வயரும் அதே விளிம்பில் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லேன் கேபிளையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் பழைய நிலைக்கே திருப்பிக்கொள்ளலாம்.