கண்ணைப் பார்த்த பிறகுதான் பேச்சு

காது கேளாத குழந்தையோடு பேசக் கற்றுக்கொண்ட எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன். ஒன்றரை வயது வரை மகள்மேல் சந்தேகமே வரவில்லை. கதவைப் படாரென்று சாத்தினால் திரும்புவாள். தரை அதிர்வதில் திரும்புகிறாள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே குக்கர் விசில் அலறியும் பொம்மையிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தாளே, அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "உன் வீட்டுக்காரனும் மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு" என்றார் மாமியார். ஒரு டாக்டரும் அதையே சொல்லி அனுப்ப, ஆறு மாதம் போனது. அப்புறம் தூங்க வைத்து, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தோம். இரண்டு காதுமே கேட்கவில்லை.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி, வைக்கலாம் என்று அதற்கு எழுதிக் கொடுத்தோம். அதுவரை சைகை காட்டினால் பேச்சே வராது என்று ஒரு தெரபிஸ்ட் பயமுறுத்தியதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கேட்கவும் அழுகை, வயிறு வலித்தாலும் அழுகை. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் காது கேளாத ஒரு தம்பதி. நான் வாழைப்பழத்தை ஆட்டிக்கொண்டே "பழம், பழம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என் மகளின் தொடையில் லேசாகத் தட்டி, அவள் நிமிர்ந்து கண்ணைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, சைகை காட்டி, பிறகுதான் பழத்தைக் காட்டினார். மறுபடி காத்திருந்தார். கேட்கும் குழந்தை பழத்தைப் பார்த்தபடியே நம் பேச்சையும் வாங்கிக்கொள்ளும், இவளுக்கு இரண்டுக்கும் அதே கண்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அவளும் அந்தச் சைகையைச் செய்துவிட்டாள்!

டெல்லி இந்திய சைகை மொழி மையத்தின் அகராதியில் 2021-லேயே 10,000 சொற்கள் வந்துவிட்டன. அந்த வீடியோக்களைப் பார்த்துத் தினமும் நாலைந்து கற்றுக்கொண்டோம். ஆபரேஷனும் ஆனது. ஆனாலும் குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளியே மாட்டும் மெஷினைக் கழற்றத்தானே வேண்டும், அதனால் சைகையை விடவில்லை. பேச்சும் மெதுவாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

பாட்டிக்கு அவளாகவே வைத்த சைகைப் பெயர், மூக்குத்தி இடத்தில் ஒரு விரல். மாமியார் சைகை காட்டும்போதும் கத்தித்தான் பேசுவார், அது வேறு. போன வாரம் அவர் தொடையில் தட்டி, திரும்பும்வரை காத்திருந்து, என்னைக் காட்டி, முறுக்கு டப்பாவைக் காட்டி, "தீர்ந்துபோச்சு" என்று கையை விரித்தாள். அவள் மூட்டிய முதல் கோள்.