விலை உயர்ந்த ஆர்சிஏ கேபிளில் உறுமல், உள்ளே பார்த்தால் பருத்தி நூல்!

பழையதட்டு:
வணக்கம். டர்ன்டேபிளுக்கும் (இசைத்தட்டு சுழற்றும் பெட்டி) ஃபோனோ ப்ரீஆம்புக்கும் (அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது) நடுவே போட 1.5 மீட்டர் ஆர்சிஏ ஆடியோ கேபிள் ஒன்றை, ஒருவர் பயன்படுத்தியதை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டைவிரல் தடிமன். போட்டதும் டிரம்ஸின் சிம்பல் சத்தம் பளிச்சென்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இடது ஸ்பீக்கரில் ஓயாத உறுமல். பழைய கேபிளில் அது இல்லை. பொறுமை போய் பிளக் மூடியைக் கழற்றினேன். இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள், அலுமினியத் தாள், மிச்சமெல்லாம் பருத்தி நூல்! டர்ன்டேபிள் பக்க முனையில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் அந்தத் தாள்) எதோடும் சேரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ஈயப்பற்று:
ஷீல்டு விஷயத்தில் ஏமாற்று இல்லை சார். ஒரு கம்பி சிக்னலுக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. ஷீல்டை ப்ரீஆம்ப் பக்கம் மட்டும் சேர்ப்பது வழக்கம்தான். மேலுறையில் அம்புக்குறி இருந்தால் பெரும்பாலும் அதற்குத்தான். நூல், கேபிளை உருண்டையாக வைக்க (விலையையும்தான்). இடதில் மட்டும் உறுமல் என்றால் கிரவுண்டு விட்டிருக்கும். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, இரு முனை பிளக்கின் வெளிவளையத்தையும் தொட்டுக்கொண்டே கேபிளை ஆட்டிப் பாருங்கள்.

ஊசிமுனை:
பளிச்சுக்கு வேறு காரணம் இருக்கலாம். கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் பகுதி) எம்எம்மா, அதாவது மூவிங் மேக்னட் வகையா? அதன் சுருள் 500 மில்லிஹென்றி என்று வையுங்கள். கேபிள், டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) வயர், ப்ரீஆம்ப் எல்லாம் சேர்ந்து கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) 400 பிகோஃபாரட் ஆனால் ரெசொனன்ஸ் (சத்தம் தூக்கலாகும் இடம்) 11 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். 200 என்றால் 16 பக்கம். சிம்பல் தூக்கலாகக் கேட்பது அதனால்தான். செம்பு எவ்வளவு சுத்தம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிடி பிளேயரில் போட்டால் வித்தியாசம் போய்விடும், பாருங்கள்.

பழையதட்டு:
எம்எம்தான். பீப் விட்டு விட்டு வந்தது. கிரவுண்டு முனையில் ஈயம் மங்கலாக, குமிழ் மாதிரி நின்றது. மெல்ல இழுத்தேன், கம்பி கையோடு வந்துவிட்டது. சுரண்டி, மறுபடி பற்றவைத்தேன். உறுமல் போச்சு.

அப்புறம் அளந்தேன்: இது 310 பிகோஃபாரட், பழசு 90. வீட்டம்மாவை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டேன். டர்ன்டேபிளில் 10க்கு 9 சரியாகச் சொன்னேன். சிடி பிளேயரில் 10க்கு 5.

ஈயப்பற்று:
அப்ப டர்ன்டேபிளுக்கு எது?

பழையதட்டு:
பழசுதான். புதுசு சிடி பிளேயருக்குப் போய்விட்டது. பிளக்கைப் பிரித்த கேபிளை இனி யார் வாங்குவார்?