ஒரே செக்‌ஷன் இரண்டு இடத்தில்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓசூர், சிப்காட் பக்கம்:
மின்சார வண்டிகளுக்கான கன்ட்ரோலர் போர்டில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) வேலை. ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) இருக்கிற காலிப்ரேஷன் அட்டவணை (அளவுத் திருத்த எண்கள்) கெட்டுப்போனால் எடுத்துக்கொள்ள இன்னொரு பிரதி இருக்க வேண்டும் என்று கஸ்டமர் கேட்டார். லிங்கர் என்பது நிரலின் துண்டுகளை (செக்‌ஷன்) ஒன்றாக இணைக்கும் கருவி; எந்தத் துண்டு எந்த முகவரியில் என்று அதற்குச் சொல்வது லிங்கர் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்டில் அதே செக்‌ஷன் பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடக்காது. ஒரு இன்புட் செக்‌ஷனை லிங்கர் ஒரு இடத்தில்தான் வைக்கும். முதலில் பொருந்துகிற வரிக்கே அது போகும், அடுத்த வரி காலி. எரர்கூட வராது, அதுதான் கொடுமை.

நாங்கள் இரண்டு தடவை லிங்க் செய்கிறோம். முதல் எல்ஃப் கோப்பிலிருந்து (லிங்கர் தரும் முடிந்த நிரல்) ஆப்ஜ்காபி என்ற கருவியின் டம்ப்-செக்‌ஷன் வசதியால் அட்டவணையை மட்டும் உருவி, அதை மறுபடி ஆப்ஜெக்ட் கோப்பாக்கி, செக்‌ஷன் பெயரை மாற்றி, இரண்டாவது லிங்கில் ஃபிளாஷின் கடைசியில் உட்கார வைக்கிறோம். ஸ்கிரிப்டில் அதற்கு கீப் (நீக்காதே என்ற குறிப்பு) போடுங்கள். இல்லையென்றால் யாருமே தொடாத செக்‌ஷன் என்று, பயன்படாததை நீக்கும் ஜிசி-செக்‌ஷன்ஸ் துடைத்துவிடும்.

தருமபுரி:
அண்ணா, அட்டவணைக்குள் பாயின்டர் (இன்னொரு இடத்தின் முகவரி) இருந்தால் இது கவிழ்ந்துவிடும். ரீலொகேஷன் (சரியான முகவரிகளை நிரப்புவது) முதல் லிங்கிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் உருவியது வெறும் பைட்டுகள், உள்ளே இருக்கிற முகவரி பழைய இடத்தையே காட்டும். பட்டாவை ஜெராக்ஸ் எடுத்தால் சர்வே எண் மாறிவிடுமா? எங்கள் டீமில் மூலப் பிரதியை வேண்டுமென்றே அழித்துவிட்டு போர்டை ஆன் செய்து பார்த்தோம். பிரதியைத்தான் படித்தது, ஆனால் அங்கிருந்து தாவியது அழிந்த இடத்துக்கு. அப்புறம் பாயின்டர்களை எடுத்துவிட்டு, செக்‌ஷன் தொடக்கத்திலிருந்து ஆஃப்செட் (எத்தனை பைட் தள்ளி என்ற எண்) வைத்தோம்.

கிருஷ்ணகிரி:
நான் லினக்ஸ் பக்கம். மறுபடி லிங்க் செய்யாமல், முடிந்த எல்ஃப் மேலேயே ஆப்ஜ்காபியால் ஆட்-செக்‌ஷன் செய்தால் ரீட்எல்ஃப் கருவியின் பட்டியலில் அழகாகத் தெரியும், ஓடும்போது மெமரியில் இருக்காது. கெர்னல் பார்ப்பது புரோகிராம் ஹெட்டரை (எதை மெமரியில் ஏற்றுவது என்ற பட்டியல்), செக்‌ஷன் பட்டியலை இல்லை.

இன்னொன்று. தெரிந்த பையன் ஒருவன் பிரதிக்கு ரேம் முகவரியைக் கொடுத்துவிட்டான். ஃபிளாஷ் தொடங்குவது ஹெக்ஸில் 08000000, ரேம் 20000000. ஆப்ஜ்காபி நடுவில் இருந்த இடைவெளி முழுவதையும் நிரப்பி 384 எம்பி அளவில் .bin கோப்பு (போர்டில் ஏற்றும் வெறும் பைட்டுகள்) கொடுத்தது!

ஓசூர், சிப்காட் பக்கம்:
ஆமாம், அதற்காகவே மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் இருக்கும் கோப்பு) ஒரு வரி வைத்திருக்கிறோம். .bin கோப்பு ஃபிளாஷை விடப் பெரிதாக இருந்தால் பில்ட் அங்கேயே நிற்கும். ஆஃப்செட் விஷயத்தை எங்கள் அட்டவணையிலும் பார்க்கிறேன், தம்பி.